எத்தனை ஹெர்ட்ஸ் போதும்? கணினித் திரையின் சிமிட்டல் குறித்த விடைகள், அவற்றின் குறைகள்

திரையின் ஒளி விடாமல் எரிவதாகவே கண்ணுக்குப் படுகிறது. ஆனால் பெரும்பாலான திரைகளில் அது நொடிக்குப் பல பத்து முறையோ பல நூறு முறையோ கூடிக் குறைகிறது. சிலவற்றில் முழுதாக அணைந்து மறுபடி எரிகிறது. எந்த வேகத்துக்கு மேல் போனால் இந்தச் சிமிட்டல் பார்ப்பவரைத் தொந்தரவு செய்யாது? ஏறத்தாழ 190 ஆண்டுகளாக விடை தேடப்பட்டுவரும் கேள்வி இது. திரையரங்கு 48 என்றது. தொலைக்காட்சி 50 என்றும் 60 என்றும் சொன்னது. கண்ணாடிக் குழாய் மானிட்டர் 85இல் வந்து நின்றது. 2015இல் வெளியான ஒரு பொறியியல் பரிந்துரையோ 1,250 என்றும் 3,000 என்றும் பேசியது.

விடைகள் இவ்வளவு தூரம் விலகி நிற்கக் காரணம், ஒவ்வொரு காலத்தவரும் தொந்தரவு என்று வெவ்வேறு ஒன்றை அளந்ததுதான். கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒருவர் அளந்தார். தலைவலி வருகிறதா என்று இன்னொருவர். கண் அசையும்போது பிம்பம் சிதறுகிறதா என்று மற்றொருவர். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒற்றை எண்ணைத் தேடியதால்தான் ஒவ்வொரு விடையும் அடுத்த தலைமுறைத் திரை வந்ததும் சரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஒளி ஒன்றாகும் எல்லை

முதல் விடைகள் உடலியலிலிருந்து வந்தன. ஒளிப்பட முன்னோடியான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் 1834இலும், பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசஃப் பிளாட்டோ அதை ஒட்டியும் ஒரு விதியை நிறுவினார்கள். விட்டுவிட்டு எரியும் ஒளி போதிய வேகத்தில் சிமிட்டினால், கண் அதை அதன் சராசரி அளவு பொலிவுள்ள நிலையான ஒளியாகவே காணும். பாதி நேரம் மட்டும் எரியும் விளக்கு பாதிப் பொலிவுள்ள விளக்காகத் தெரியும். இன்றைய மானிட்டர்களில் ஒளியைக் குறைக்கப் பரவலாகக் கையாளப்படும் முறை இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

போதிய வேகம் எது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. 1892இல் ஃபெரியும் 1902இல் போர்ட்டரும் கண்டது: பொலிவு பெருகப் பெருக, சிமிட்டல் மறையும் எல்லையும் உயரும். 1930இல் கிரானிட்டும் ஹார்ப்பரும், ஒளிரும் பரப்பு பெரிதானால் எல்லை மேலும் உயர்வதைக் காட்டினார்கள். பெரிய, பொலிவான பரப்பாக இருந்தால், நேர்ப்பார்வையைவிடக் கடைக்கண் சிமிட்டலை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஆக, பொலிவு, பரப்பு, பார்க்கும் கோணம், பார்க்கும் ஆள் என்ற நான்கையும் சொல்லாமல் எல்லை எண்ணைச் சொல்ல முடியாது. இந்த எச்சரிக்கை ஆய்வேடுகளில் இருந்தது. கருவி செய்தவர்கள் எடுத்துக்கொண்டதோ 50, 60 என்ற எண்ணை மட்டும்.

திரையரங்கும் தொலைக்காட்சியும்

பேசும்படம் வந்தபின் நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்பது நிலைத்தது. அந்த வேகத்தில் திரை அப்பட்டமாகச் சிமிட்டும். அதனால் புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை காட்டியது. 24 படம் 48 அல்லது 72 ஒளிவீச்சுகளானது. இருண்ட அரங்கில், மங்கலான திரைக்கு அது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

தொலைக்காட்சியின் எண்ணை மின்கம்பி தீர்மானித்தது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் 50, அமெரிக்காவில் 60. மின்சாரத்தின் அலைவும் படத்தின் அலைவும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்தன. முழுப் படத்தையும் நொடிக்கு 50 முறை அனுப்ப அலைவரிசை போதாது. ஒற்றை வரிகளை ஒரு முறையும் இரட்டை வரிகளை மறுமுறையும் வரையும் ஏற்பாடு அதற்குப் பிறந்த சமரசம். பல அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் நிலைக்கு இது பொருந்தியது. இரண்டடி தூரத்தில் எழுத்துகளை நாள் முழுதும் வாசிக்கும் ஒருவரை இந்தக் கணக்கில் யாரும் சேர்த்திருக்கவில்லை.

கண்ணாடிக் குழாய் மானிட்டர்

அந்த ஆள் 1980களில் அலுவலகங்களுக்கு வந்துசேர்ந்தார். ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் தனிக்கணினியோடு விற்ற பச்சைத் திரை 50 ஹெர்ட்ஸில்தான் ஓடியது. ஆனால் அதன் பாஸ்பர் பூச்சு, எலெக்ட்ரான் கற்றை கடந்து போன பின்னும் சற்று நேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் சிமிட்டல் அடங்கியது. விலையாக, எழுத்து நகரும்போது பின்னால் ஒரு வால் தொடர்ந்தது. கறுப்புப் பின்னணியில் மெல்லிய பச்சை எழுத்து என்பதால் ஒளிரும் பரப்பும் குறைவு.

வண்ணத் திரையும், காகிதம் போல் வெளுத்த விண்டோஸ் பின்னணியும் வந்தபோது இந்த இரண்டு பாதுகாப்பும் போயின. பாஸ்பர் சட்டென அணைந்தது. திரை முழுதும் பொலிந்தது. ஃபெரியும் போர்ட்டரும் சொன்னது மேசைமேல் நிரூபணமானது. 60 ஹெர்ட்ஸில் ஓடிய பெரிய வெள்ளைத் திரையைச் சற்றே தலையைத் திருப்பிப் பார்த்தால் பலருக்கு அது துடிப்பது தெரிந்தது. 1024க்கு 768 என்ற தெளிவைக் குறைந்த விலையில் தருவதற்காக, தொலைக்காட்சியின் ஒற்றை-இரட்டை வரி உத்தியைச் சில கருவிகள் கணினிக்கும் கொண்டுவந்தன. ஒவ்வொரு வரியும் நொடிக்கு 43 முறை அளவுக்கே புதுப்பிக்கப்பட்டதால் மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கின.

இதற்கெதிரான குரல் தொழிற்சங்கத்திலிருந்து எழுந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. ஸ்வீடன் ஊழியர் கூட்டமைப்பான டிசிஓ, 1990களில் மானிட்டர்களுக்குத் தன் சான்றிதழைக் கொண்டுவந்தது. அதன் 1999ஆம் ஆண்டு வடிவம் குழாய்த் திரைகளுக்குக் குறைந்தது 85 ஹெர்ட்ஸைக் கோரியது. அதே பத்தாண்டின் பன்னாட்டுத் தரவிதிகள், பயன்படுத்துவோரில் 90 விழுக்காட்டினருக்காவது சிமிட்டல் தெரியக்கூடாது என்றன. மீதிப் பத்து விழுக்காட்டினர் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. இந்த நிலைப்பாட்டின் ஆகப் பெரிய குறை அதுவே என்பேன்.

சிமிட்டல் என்று புகார் செய்யப்பட்டவை எல்லாம் சிமிட்டலாகவும் இருக்கவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் 60 ஹெர்ட்ஸில் ஓடும் குழாய்த் திரைக்குப் பக்கத்திலேயே ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ இருந்தால், அதன் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையை அசைத்து, இரண்டு எண்களின் வித்தியாசமான நொடிக்குப் பத்து முறை என்ற கணக்கில் படத்தை ஆட்டியது. இந்திய அலுவலக மேசைகளில் இதற்குப் பஞ்சமில்லை. பெட்டியை நகர்த்தினாலே சரியாகிவிடும் கோளாறுக்கு மானிட்டர்கள் பழுதுக்குப் போயிருக்கக்கூடும்.

தெரியாத சிமிட்டல்

கண்ணுக்குத் தெரியாவிட்டால் சிமிட்டல் இல்லை என்பதே அதுவரையிலான விடைகளின் அடிப்படை. 1980களின் இறுதியில் அது ஆட்டம் கண்டது. ஆட்டியது திரை அன்று, டியூப் லைட். சோக் வைத்த பழைய டியூப் லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். நல்ல நிலையில் இருந்தால் அது யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸும் உடனாளர்களும் ஓர் அலுவலகத்தின் டியூப் லைட்டுகளில் சிலவற்றைப் பழைய சோக்கிலும் சிலவற்றை அதிவேக மின்னணுச் சோக்கிலும் ஓடவிட்டு, எது எது என்று ஊழியர்களுக்குச் சொல்லாமல் கவனித்தார்கள். 1989இல் வெளியான முடிவு: மின்னணுச் சோக்கின் கீழ் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின.

1991இல் பெர்மனும் குழுவினரும் விழித்திரையின் மின்துடிப்பை அளந்தனர். 100 ஹெர்ட்ஸைத் தாண்டிய, கண்ணுக்கு நிலையாகத் தெரியும் ஒளிக்கும் விழித்திரை தாளம் தப்பாமல் துடித்தது. 1998இல் ஸ்வீடனின் குல்லரும் லைக்கேயும், சிமிட்டலை உணரும் எல்லை இயல்பிலேயே உயர்ந்திருப்பவர்களிடம் மூளை அலைகளில் மாற்றத்தைக் கண்டனர். அவர்களின் வேலை விரைந்தது, பிழையும் கூடியது.

இந்த ஆய்வுகள் வலுவானவை. ஆனாலும் எல்லை உண்டு. இவற்றில் பெரும்பகுதி அறை விளக்கைப் பற்றியது. 100 ஹெர்ட்ஸில் கண்டதை 240 ஹெர்ட்ஸுக்கோ 500 ஹெர்ட்ஸுக்கோ நீட்ட இவை உரிமை தருவதில்லை. விழித்திரை துடிப்பதால் வலி வருகிறது என்று சொல்ல இடையே இன்னும் பல படிகள் வேண்டும். சராசரி பாதியானது என்பதில் ஒரு நுட்பமும் மறைந்திருக்கிறது: அடிக்கடி தலைவலி வரும் சிலருக்குக் கிடைத்த பெரிய நிவாரணமே மொத்தச் சராசரியையும் இறக்கியிருக்க முடியும். குல்லர், லைக்கே முடிவும் அந்தத் திசையையே காட்டுகிறது. எல்லோரையும் கொஞ்சம் பாதிக்கும் ஒன்றா, சிலரைக் கடுமையாகப் பாதிக்கும் ஒன்றா? விடை இரண்டாவதாக இருந்தால், சராசரி மனிதனை வைத்து எழுதும் எந்தத் தரவிதியும் உதவி தேவைப்படுபவரைத் தவறவிடும்.

எல்சிடி வந்தது, சிமிட்டல் இடம் மாறியது

எல்சிடி பரவியபோது பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கை பொதுவாக இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. எல்சிடியின் புள்ளி, அடுத்த படம் வரும்வரை தன் நிலையிலேயே நிற்கும். 60 ஹெர்ட்ஸிலும் அது அணைவதில்லை. ஆனால் அந்தப் புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. சிமிட்டல் அங்கே குடியேறியது.

முதலில் அந்த விளக்கு மெல்லிய டியூப் லைட்டாக இருந்தது. அதன் பாஸ்பர் சற்றே ஒளியைத் தக்கவைத்ததால் ஏற்ற இறக்கம் மழுங்கியிருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்இடி அந்த இடத்தைப் பிடித்தது. எல்இடி கணத்தில் எரியும், கணத்தில் அணையும். ஒளியைக் குறைக்க மின்னோட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நிறம் பிசகும், ஒளி சீராக இருக்காது. முழு மின்னோட்டத்திலேயே வேகமாக அணைத்து எரிப்பது எளிது, மலிவு. பிடபிள்யூஎம் எனப்படும் இந்த முறை, பல மானிட்டர்களில் 200 முதல் 240 ஹெர்ட்ஸ் அளவில் ஓடியது.

240 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 4.2 மில்லிநொடி. பொலிவை 20 விழுக்காட்டுக்கு இறக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு 0.8 மில்லிநொடி மட்டும் எரிந்து, மீதி 3.3 மில்லிநொடி இருண்டே கிடக்கும். பொலிவை முழுதாக ஏற்றினால் அணைவதே இல்லை. கண் வலிக்கிறது என்று ஒருவர் இரவில் ஒளியைக் குறைக்கிறார். குறைக்கக் குறைக்கச் சிமிட்டல் ஆழமாகிறது. வழக்கமான அறிவுரையே இங்கே நேர்மாறாக வேலை செய்யக்கூடும்.

இதைத் தெரியாத சிமிட்டல் என்று ஒதுக்கவும் முடியாது. வாசிக்கும் கண் நிலைகுத்தி நிற்பதில்லை. நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. ஒரு தாவல் ஏறத்தாழ 30 மில்லிநொடி. அதற்குள் 240 ஹெர்ட்ஸ் விளக்கு ஏழு முறை மின்னிவிடும். ஒரே எழுத்து விழித்திரையில் ஏழு இடங்களில் பதியலாம். இருளில் முன்னே போகும் வண்டியின் எல்இடி பின்விளக்கை விட்டுக் கண்ணைத் திருப்பும்போது தெரியும் சிவப்புப் புள்ளி வரிசை இந்த வகைதான். ராபர்ட்ஸும் வில்கின்ஸும் 2013இல் வெளியிட்ட சோதனையில், கண் தாவும்போது தோன்றும் இந்த வரிசை சராசரியாக 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் உணரப்பட்டது. 2015இல் டேவிஸும் உடனாளர்களும், கூர்மையான விளிம்புள்ள படத்தை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டியபோது 500 ஹெர்ட்ஸிலும் சிமிட்டல் தெரிவதைக் காட்டினர். ஆனால் அவை இருண்ட அறை, கூரிய ஒளிக்கோடு, தனிச்சிறப்பான விளிம்பு என்ற நிலைகளில் பெற்றவை. பகலொளி நிறைந்த அறையில் ஒரு சாதாரண ஆவணத்தைப் படிப்பவருக்கு அதே அளவு பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

எண்ணால் கட்டும் முயற்சிகள்

ஐஇஇஇ அமைப்பின் 1789 என்ற பரிந்துரை 2015இல் வெளியானது. வேகத்தை மட்டும் கேட்பதை விட்டு, ஏற்ற இறக்கத்தின் ஆழத்தையும் சேர்த்துக் கேட்டது அதன் சிறப்பு. 90 ஹெர்ட்ஸுக்கு மேல், வேகத்தை 0.08ஆல் பெருக்கிவரும் விழுக்காட்டுக்குள் ஆழம் இருந்தால் ஆபத்து குறைவு என்றது. 240 ஹெர்ட்ஸுக்கு இது 19.2 விழுக்காடு, முழுதாக அணைந்து எரியும் விளக்கின் ஆழமோ 100. 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால்தான் அந்த 100 இந்த வரம்புக்குள் வரும்; விளைவே காணப்படாத நிலைக்கு 3,000.

விளக்குத் துறையிலிருந்து எதிர்ப்பு வந்தது. வரம்பு மிதமிஞ்சிக் கடுமையானது, சில பழைய குண்டு பல்புகளே இதில் தேறாமல் போகலாம் என்றனர். அலையின் வடிவத்தை அது கணக்கில் எடுக்கவில்லை என்பதும் நியாயமான குறை: 100 விழுக்காடு ஆழம் என்றாலும், சுற்றில் பெரும்பகுதி எரியும் விளக்கும் பெரும்பகுதி அணைந்திருக்கும் விளக்கும் ஒன்றல்ல. மாற்றாக முன்வைக்கப்பட்ட எஸ்விஎம் என்ற அளவு அலைவடிவத்தைக் கணக்கிடுகிறது. அதன் மதிப்பு 1 என்றால், சராசரி ஆள் விளைவைக் கண்டுபிடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் விளக்கின் கீழ் நகரும் பொருளுக்காக அமைந்த அளவு அது. அசைவது கண்ணாக இருக்கும்போது, அதாவது திரை வாசிப்பின்போது, அது எவ்வளவு செல்லும் என்பது வேறு கேள்வி.

இதற்கிடையே சந்தை தன் விடையை ஒரு சொற்றொடராக அட்டைப்பெட்டியில் அச்சிட்டது: ஃப்ளிக்கர் ஃப்ரீ. மின்னோட்டத்தைக் குறைத்தே பொலிவைக் குறைக்கும் மானிட்டரும், வெறுமனே வேகத்தைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸாக உயர்த்திய மானிட்டரும் ஒரே பெயரில் விற்கப்படக்கூடும். வாங்குபவருக்குத் தேவை மூன்று தகவல்: பொலிவு குறைந்த நிலையில் வேகம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எந்தப் பொலிவுக்குக் கீழே அணைத்து எரிக்கும் முறை தொடங்குகிறது. பெட்டியில் இவை அரிதாகவே இருக்கின்றன. எட்டு மணி நேரம் ஒரு திரையின் முன் உட்காரப்போகும் ஊழியரிடம் இதை மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு கண் மருத்துவத்திலிருந்து வருகிறது. ஜப்பானின் சுபோட்டாவும் நகமோரியும் 1993இல் வெளியிட்ட அளவீட்டில், ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள் புத்தகம் வாசிக்கையில் 10 முறையும் திரை முன் 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள். இமைக்காத கண் உலர்ந்து எரியும். அண்மைத் தூரத்தில் நெடுநேரம் குவியத்தைப் பிடித்து வைப்பதும், ஜன்னல் ஒளி திரையில் பட்டுத் தெறிப்பதும், பொருந்தாத கண்ணாடியும் சேர்ந்தால் கண் சோர்வுக்குச் சிமிட்டலே தேவையில்லை. இந்த மறுப்பு பெரும்பாலானோர் விஷயத்தில் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே அறையில், ஒரே தூரத்தில், ஒரே வேலையை மானிட்டரை மட்டும் மாற்றிச் செய்யும்போது தலைவலி வந்து போகிறது என்று சொல்பவருக்கு இதனால் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு விளையாட்டுப் பிரியர்களுடையது. அவர்கள் சிமிட்டலை வேண்டிக் கேட்கிறார்கள். ஒவ்வொரு படமும் அசையாமல் நிற்கும் எல்சிடியில், நகரும் பொருளைக் கண் தொடரும்போது படம் தீற்றிக்கொள்கிறது. படத்துக்குப் படம் இடையே விளக்கைச் சற்று அணைத்தால் அசைவு கூர்மையாகிறது. பழைய குழாய்த் திரையின் அசைவுத் தெளிவுக்கு அதன் சிமிட்டலே காரணமாக இருந்தது. ஆக, ஒரு வேலைக்குக் கேடாக இருப்பது இன்னொரு வேலைக்கு வரமாகிறது. இந்த வசதியை வாங்கும்போதே போட்டுவைக்காமல், பயனர் விரும்பினால் மட்டும் போடும்படி வைப்பதே முறை.

கோளாறா, அமைப்பா?

கொள்கை விவாதத்தைவிட மேசையருகே அவசரமானது இந்தப் பிரிப்பு. கண்ணுக்கே வெளிப்படையாகத் தெரியும் துடிப்பு பெரும்பாலும் கோளாறு. மேலே பேசிய நுண் சிமிட்டல் வடிவமைப்பு. மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்ப்பது நல்ல தொடக்கம். மெனுவும் சேர்ந்து துடித்தால் பழுது பெரும்பாலும் மானிட்டரின் மின்வழங்கியிலோ பின்விளக்கிலோ இருக்கும். மெனு அசையாமல் பின்னால் உள்ள படம் மட்டும் துடித்தால் கேபிள், போர்ட், கணினியின் கிராஃபிக்ஸ் பக்கம் தேட வேண்டும். நீளமான அல்லது மலிவான கேபிளில், உயர்ந்த தெளிவும் உயர்ந்த ஹெர்ட்ஸும் சேரும்போது படம் கணநேரம் போய் வருவது வழக்கம். ஹெர்ட்ஸைத் தற்காலிகமாகக் குறைத்தால் நின்றுவிடுமானால் ஐயம் கேபிள்மேல் விழும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொல்வதும் இதே தர்க்கம்தான்: அதுவும் துடித்தால் டிஸ்ப்ளே டிரைவர், அது மட்டும் நிலையாக இருந்தால் ஏதோ ஒரு செயலி.

மாறும் ஹெர்ட்ஸ் வசதி உள்ள திரைகளில் இன்னொரு வகை உண்டு. விளையாட்டின் வேகம் ஏறி இறங்கும்போது படங்களுக்கிடையே உள்ள இடைவெளி மாறும். சில ஓஎல்இடி திரைகளிலும் விஏ எனப்படும் எல்சிடி வகைத் திரைகளிலும் அதனோடு பொலிவும் சற்று மாறி, இருண்ட காட்சிகள் துடிக்கும். அந்த வசதியை அணைத்தால் நிற்கும். பழுதுக்குக் கொடுத்துப் பயனில்லை.

நுண் சிமிட்டலைக் கண்டறியக் கருவி இல்லாதவர்கள், திரையை வெள்ளையாக்கிப் பொலிவைக் குறைத்து, அதன்முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். பென்சில் வழுவழுப்பான மங்கலாகத் தெரிந்தால் ஒளி ஏறத்தாழ நிலையானது. தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் விளக்கு அணைந்து எரிகிறது. கைபேசிக் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் கரும்பட்டைகள் விழும். இந்த இரண்டு சோதனைகளும் சிமிட்டல் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர, கெடுதல் எவ்வளவு என்று சொல்லா. இருப்பது தெரிந்தால், பொலிவைப் பிடபிள்யூஎம் தொடங்காத அளவுக்கு உயர்த்தி, கூசாதபடி அறையின் வெளிச்சத்தையும் கூட்டுவது செலவில்லாத வழி.

இன்னும் திறந்திருப்பவை

நொடிக்குச் சில முறை முதல் சில பத்து முறை வரை தெரியும் சிமிட்டலில் கருத்து வேறுபாடு இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியபின் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆழமான சிமிட்டல் ஒரு பகுதியினருக்குக் கெடுதி என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. 200 முதல் 2,000 வரையிலான வெளிதான் விவாதத்துக்குரியது. இன்றைய திரைகள் பலவும் அந்த வெளியில்தான் ஓடுகின்றன. அங்கே உணர முடிகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. உணர்வது உடல்நலக் கேடாகிறது என்பதற்கான சான்று மெலிதாகவே இருக்கிறது. 1989இன் அலுவலக ஆய்வைப் போல, எந்தத் திரை எது என்று சொல்லாமல் வாரக்கணக்கில் உண்மையான வேலையின்போது அளக்கும் சோதனை இந்த வெளிக்குத் தேவை.

அதைவிடக் கடினமான கேள்விகள் ஓஎல்இடியிலும் வண்ணத் தந்திரங்களிலும் காத்திருக்கின்றன. மேசை ஓஎல்இடி மானிட்டர்களில் பொதுவாக ஒளி முழுதாக அணைவதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பொலிவு ஒரு கணம் சற்றுச் சரிகிறது. அந்த ஆழமற்ற, 120 அல்லது 240 ஹெர்ட்ஸ் சரிவு எதற்குச் சமம் என்பதற்குப் பழைய அளவுகோல்கள் தெளிவாக விடை தருவதில்லை. குறைந்த பிட் பேனல்கள் இரண்டு நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டி இடைநிறத்தைத் தோற்றுவிப்பதும் ஒருவகைச் சிமிட்டலே. தலைவலிக்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தைப் பொய்யென்று தள்ளவும், காரணத்தை அப்படியே ஏற்கவும் இப்போதுள்ள ஆதாரம் போதாது. யாருக்கு எந்த அளவில் தாங்காது என்பதை முன்கூட்டியே அளந்து சொல்லும் எளிய மருத்துவச் சோதனையும் வழக்கத்துக்கு வரவில்லை. அது வரும்வரை, கொடுத்த மானிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் ஊழியருக்கு வேறொன்றை மாற்றித் தருவது அலுவலகங்களின் கையில் இருக்கிறது.